மாடிக் கிராதியில் கட்டிய ஓடம்

வாக்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓடத்தின் நடுப்பலகையில் உட்கார்ந்தேன். எதிரே பல்ஷா. பின்னால் துடுப்போடு அப்பா. கரையில் ராதுன் நின்றுகொண்டு குடையை ஆட்டினார்.

"பெட்டி நனையக் கூடாதும்மா. ஆள் நனைஞ்சா காயவெச்சுக்கலாம். பெட்டி நனைஞ்சா என் வேலை போயிடும்."

ராதுன் எங்கள் வாக்குச்சாவடியின் தலைவர். நகரத்திலிருந்து அனுப்பப்பட்டவர். எந்தப் பக்கமும் சாயாதவர் என்று பெயர். காலையிலிருந்து சாயாமல் இருந்தே களைத்துப்போயிருந்தார்.

அந்த வசந்தத்தில் ஏரி நிறைய ஏறியிருந்தது. மலையில் பனி உருகும்போது ஒவ்வொரு வருடமும் ஏரி எங்கள் புல்வெளிகளை எடுத்துக்கொள்ளும், கோடையில் திருப்பித் தரும். அந்த வருடம் சாலையையும் எடுத்துக்கொண்டது. நீரளவு பார்ப்பது என் வேலை. தண்ணீருக்குள் நிற்கும் அளவுகோல் கம்பத்துக்குத் தினமும் காலையில் ஓடத்தில் போய், எண்ணைக் குறித்து, நகரத்துக்குத் தொலைபேசியில் சொல்வேன். நீரியல் படித்துவிட்டு ஊர் திரும்பியவளுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

லபுத்தின் வீட்டில் கீழ்த்தளம் முழுகிவிட்டது. மாடி மட்டும் வெளியே இருந்தது. அவர் வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார். மீன் புகைபோடும் கொட்டகையின் கூரையிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு வேறு. நடமாட முடியாதவர் கேட்டால் பெட்டி அவர் வீட்டுக்குப் போக வேண்டும். கூடவே இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வோர் ஆள் போக வேண்டும். மாண்டினீக்ரோ தனி நாடாக வேண்டும் என்கிற பக்கத்துக்கு நான். பெல்கிரேடோடு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்கிற பக்கத்துக்கு பல்ஷா. எங்களை யாரும் கேட்கவில்லை. அவரவர் அப்பா எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில் பெயர் கொடுத்துவிட்டார்கள். பல்ஷா லபுத்தின் மகன்.

மூன்று பேரை ஏற்றிக்கொண்டு முழுகிய மரங்களின் மேல் சிக்காமல் போகும் தட்டையான ஓடம் ஊரில் அப்பாவுடையது மட்டும்தான். காலையில் ராதுன் வந்து கேட்டபோது அப்பா குதித்தார்.

"அவன் ஓட்டை நான் சுமக்கணுமா? எனக்கு எதிரா அவன் போடுற ஓட்டை?"

அம்மா அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை.

"அவர் உங்க மகனை மடியில சுமந்து முடி வெட்டினாரு. நீங்க ஒரு காகிதத்தைச் சுமந்தா இடுப்பு ஒடிஞ்சிடாது. போங்க."

லபுத் எங்கள் கூம். பிள்ளைக்கு முதல் முடி வெட்டுகிறவர் கூம். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளின் தலையில் அந்த வீட்டுக் கத்தரிதான் முதலில் பட்டிருக்கிறது. கூம் என்றால் ரத்த உறவுக்கும் மேல். கூம் வீட்டில் பெண் எடுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. பிறந்ததிலிருந்து நானும் பல்ஷாவும் அண்ணன் தங்கை.

என் அண்ணன் பேகோவின் மகனுக்கு ஜார்ஜ் திருநாளன்றே முடி வெட்டியிருக்க வேண்டும். ஆனால் குளிர்காலத்தில் மதுக்கடையில் அப்பாவும் லபுத்தும் இந்த வாக்கெடுப்பைப் பற்றி ஆரம்பித்துப் பாட்டன்மார் வரைக்கும் போய்ச் சண்டை போட்டார்கள். அதோடு பேச்சு நின்றது. கூமை நாங்களாக விட முடியாது. அவராகத் தொப்பியைக் கழற்றி, "வேறு ஆளைத் தேடிக்கொள், என் ஆசி உண்டு" என்று சொல்ல வேண்டும். அப்பாவும் தொப்பியைக் கழற்றி, முகத்தைப் பார்த்து, "ஆகட்டும்" என்று சொல்ல வேண்டும். பிறகு குழந்தையின் தலையில் வேறொருவர் கத்தரி பட்டால் கண்ணி அறுந்துவிடும். இரண்டு வீடுகளும் வெறும் இரண்டு வீடுகள்.

நான் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பல்ஷாவிடம் சொல்லத் தேவை இருக்கவில்லை.

கரை மறைந்தது. மூடுபனி ஓடத்தைச் சுற்றி ஓர் அறையைப் போல நின்று, எங்களோடு கூடவே நகர்ந்தது. துடுப்பு விழும் சத்தம் மட்டும் கேட்டது. வில்லோ மரங்களின் உச்சிகள், கழுத்தளவு நீரில் நின்று எதையோ கேட்டுக்கொண்டிருப்பவர்களைப் போல, ஒவ்வொன்றாக வந்து போயின. குனிந்து பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் சாலை, கல்சுவர், யாரோ மூட மறந்த தோட்டத்துக் கதவு. ஒரு கெண்டை அந்தக் கதவு வழியாக உள்ளே போனது. எங்கேயோ கோயில் மணி அடித்தது. மேலேயா, கீழேயா என்று தெரியவில்லை.

"தூங்கிடாதே," என்றான் பல்ஷா மெதுவாக.

"தூங்கலை."

"முழிச்சிருக்கிற மாதிரியும் இல்லை."

"பேசாதீங்க," என்றார் அப்பா. "சட்டப்படி ரெண்டு பக்கமும் பேசிக்கக் கூடாது."

அப்படி ஒரு சட்டம் கிடையாது.

லபுத்தின் வீடு பனிக்குள்ளிருந்து முதலில் புகையாக வந்தது, பிறகு ஓடுகளாக, பிறகு மாடியாக. நீர்மட்டம் மாடித் தரைக்கு ஒரு முழம் கீழே இருந்தது. மரக்கிராதிக்குப் பின்னால் லபுத், மாவுக்கட்டுக் காலை முக்காலியில் நீட்டி, கறுப்புத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"யாரது? படகுக்காரனா?"

"படகுக்காரன்தான்," என்றார் அப்பா, கிராதியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. கட்டவில்லை.

"நல்லா ஓட்டுற. முன்னே இந்த ஓடத்துல ஒருத்தன் வருவான், அவனுக்கு இடது வலது தெரியாது."

"உனக்கு மேல கீழ தெரியாதுன்னு கேள்விப்பட்டேன். கூரையிலிருந்து நடந்து இறங்கினியாமே?"

பல்ஷா சிரிப்பை அடக்கிக்கொண்டு கிராதியைத் தாண்டினான். நான் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஏறினேன்.

"மேல வா," என்றார் லபுத், அப்பாவைப் பார்க்காமல். "காப்பி வெச்சிருக்கு."

"நான் விருந்தாளி இல்ல. பணியில இருக்கேன்."

லபுத்தின் முகம் சுருங்கியது. வாசலுக்கு வந்தவன் காப்பியை மறுத்தால் அதற்கு எங்கள் ஊரில் பகை என்றுதான் அர்த்தம். அவர் ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டார்.

"வா பொண்ணே, உள்ளே போய்க் கிறுக்கிட்டு வரலாம். பல்ஷா, நீ இங்கேயே இரு. மகன் எட்டிப் பார்த்தான்னு நாளைக்குப் படகுக்காரங்க பேசுவாங்க."

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சன்னலில் வெறும் வெள்ளை. ராதுன் கொடுத்தனுப்பிய பையிலிருந்து நீல விளக்கை எடுத்து, அதன் கீழ் அவருடைய சுட்டுவிரலைக் காட்டச் சொன்னேன். ஒன்றும் மின்னவில்லை. ஏற்கெனவே வாக்களித்திருந்தால் மின்னும். பிறகு விரலில் அந்த நிறமில்லாத நீரைத் தெளித்தேன். சீட்டைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். பேனா ஒரு முறை உரசிய சத்தம் கேட்டது. சீட்டு பெட்டிக்குள் விழுந்தது.

"உட்காரு," என்றார். "உன்னை ஒண்ணு கேக்கணும். ஏரி தினமும் ஏறுது, இறங்குது. அந்தக் கம்பத்துல ஒரு எண்ணைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நிமிஷம், கூமே."

"நான் கால் ஒடிஞ்சதிலிருந்து இந்தச் சன்னல்லதான் கெடக்கேன். தினமும் காலையில கம்பத்துக்கிட்ட ரெண்டு ஓடம் நிக்குது. ஒண்ணு உன்னோடது. இன்னொண்ணு வலை போடப் போறேன்னு சொல்லிட்டுப் போறது. வலை நனையவே மாட்டேங்குது."

என் காதுகள் சுட்டன. அடுப்பைப் பார்த்தேன்.

"பயப்படாதே. நான் திட்டல. உங்கப்பன்கிட்ட இப்போ கூமை விட்டுடறேன்னு சொல்லப் போறேன். வேற ஆளு பையனுக்கு முடி வெட்டட்டும். அப்புறம் உங்களுக்குத் தடை இல்ல."

எத்தனையோ காலைகளில் அந்த வார்த்தைகளை நான் மனதுக்குள் கேட்டிருக்கிறேன். இப்போது அவை வேறு யாருக்கோ சொல்லப்பட்டவை போல் இருந்தன.

"ஊர் என்ன சொல்லும், கூமே?"

"ஓட்டுக்காக கூமை அறுத்தவன்னு சொல்லும். நான் செத்த பிறகும் சொல்லும். சொல்லட்டும்."

"அப்பாகிட்ட உண்மையைச் சொல்லக் கூடாதா?"

"உங்கப்பனை எனக்குத் தெரியாதா? பொண்ணுக்காகன்னு சொன்னா, 'மூணு தலைமுறையை ஒரு பொண்ணுக்காக விடுவேனா'ன்னு அவன் மலை மாதிரி உட்கார்ந்துடுவான். கோபத்துல மட்டும்தான் அவன் சரின்னு சொல்வான். அதனால நீ வாயைத் திறக்கக் கூடாது. அது உனக்குச் சுலபம்தானே? ஆறு வயசு வரைக்கும் நீ ஊமைன்னு நெனச்சிட்டிருந்தேன்."

வெளியே வந்தோம். அப்பா அதே இடத்தில், ஒரு கை கிராதியில். பல்ஷா காப்பிக் கோப்பையை அவரிடம் நீட்டிக்கொண்டே நின்றிருந்தான். அவர் வாங்கவில்லை.

லபுத் தொப்பியைக் கழற்றினார். வெள்ளை முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"கிர்ஸ்தோ, பையனுக்கு வேற கூமைத் தேடிக்க. என் ஆசி உண்டு."

அப்பாவின் வாய் கொஞ்சம் திறந்தது. பல்ஷா என்னைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவன் முகத்திலேயே இருந்தது. ஏரியில் எங்கோ ஒரு நீர்க்கோழி கத்தியது. அப்பா தொப்பியைத் தொடக்கூட இல்லை.

"ரெண்டு பேரும் ஏறுங்க," என்றார்.

திரும்பும் வழியில் பனி இன்னும் அடர்ந்திருந்தது. அப்பா துடுப்பைத் தண்ணீரில் அறைந்தார். முன்னே போகிறோமா, ஒரே இடத்தில் நிற்கிறோமா என்று தெரியவில்லை. நாங்கள் கடந்த வில்லோ மரங்களே மறுபடி வந்தன போலிருந்தது.

"ஒண்ணா இருக்கணுமாம்! அண்ணன் தம்பி பிரியக் கூடாதாம்! மேடை போட்டு அழுதான், நீங்களும் கேட்டீங்கல்ல? இப்போ யாரு அறுத்தா? பிரியணும்னு சொன்ன நான் அறுத்தேனா?" பல்ஷாவைப் பார்த்துக் கத்தினார். "ஒரு சீட்டுக்காக! என் தலையில உங்க பாட்டன் கை பட்டது. சரி. நாளைக்கே போய் ஆகட்டும்னு சொல்லிடறேன். ஊரு முழுக்கச் சொல்றேன். எப்பேர்ப்பட்ட ஆளுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

லபுத் சொன்னது போலவே நடந்துகொண்டிருந்தது. நான் சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது ஒன்றுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. தண்ணீருக்கு அடியில் அந்தத் தோட்டத்துக் கதவு மறுபடி வந்தது. திறந்தேதான் இருந்தது.

"அப்பா," என்றேன்.

பனியில் என் குரல் வேறு எங்கிருந்தோ வந்தது.

"அவர் ஓட்டுக்காகச் சொல்லல. எனக்காகச் சொன்னாரு."

"உனக்காகவா?"

"எனக்கும் பல்ஷாவுக்கும். உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாரு. நீங்க சம்மதிக்க மாட்டீங்களாம்."

துடுப்பு நின்றது. ஓடம் தானாகவே கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு அதுவும் நின்றது. பல்ஷா தலையைக் குனிந்திருந்தான், அவன் பிடரி சிவந்துவிட்டது. துடுப்பின் நுனியிலிருந்து சொட்டிய நீர் ஒவ்வொன்றாகக் கேட்டது. அப்பா என்ன சொல்வார் என்று தெரியவில்லை. அவர் வேண்டாம் என்று சொன்னால் அதோடு முடிந்தது. முடித்தது நானாகத்தான் இருக்கும்.

அப்பா பல்ஷாவைப் பார்த்துக் கேட்டார்.

"நீயும் தினமும் நீரளவு பார்க்கிறியா?"

"பார்க்கிறேன், கூமே," என்றான் பல்ஷா.

"ஏறுதா, இறங்குதா?"

"இப்போதைக்கு நிக்குது."

அப்பா மூக்கை உறிஞ்சினார். கரைப் பக்கத்திலிருந்து ராதுனின் குரல் மெல்லியதாக வந்தது. "பெட்டி! பெட்டி எங்கே?" அப்பா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு துடுப்பை மட்டும் ஆழமாக அழுத்தி ஓடத்தைத் திருப்பினார்.

லபுத் அதே நாற்காலியில் இருந்தார். தொப்பி இன்னும் மடியில்.

"என்ன, எதையாவது மறந்துட்டுப் போயிட்டியா?"

"தொப்பியைக் கழட்ட மறந்துட்டேன்," என்றார் அப்பா.

ஓடத்தைக் கிராதியில் கட்டினார், இரண்டு முடிச்சு. முழங்காலைக் கிராதியில் ஊன்றி, முனகிக்கொண்டே மாடிக்குள் ஏறினார். கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். லபுத்தின் முகத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஆகட்டும்."

லபுத் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பேசிட்டியா? ஊமைப் பொண்ணு!"

"பேசிடுச்சு," என்றார் அப்பா. "நீ பொய் சொன்னா நம்புற அளவுக்கு நான் ஒரு முட்டாள்."

"அது எனக்கு எப்பவோ தெரியும்." லபுத் பக்கத்து நாற்காலியை ஊன்றுகோலால் தள்ளினார். "பாத்தியா, பிரியறது லேசில்ல."

"நீ சேர்றதைப் பத்திப் பேசு. உன் மகன் சேர்றேங்கிறான், நீ கூமை வுட்டுட்டு நிக்கிற."

ஆறிப்போன காப்பியை அப்பா ஒரே மடக்கில் குடித்தார். லபுத் அந்தக் கோப்பையில் கொஞ்சம் திராட்சைச் சாராயம் ஊற்றினார். பையைத் தூக்கி வைத்த பல்ஷாவின் கை பட்டு, உள்ளேயிருந்த விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. பனி படிந்த அந்த மாடியில் காலையிலேயே ஓட்டுப் போட்டிருந்த அப்பாவின் சுட்டுவிரலும் லபுத்தின் சுட்டுவிரலும் ஒரே நீலத்தில் மின்னின. பல்ஷா விளக்கை அணைக்க அவசரப்படவில்லை.

"பையனுக்கு யாரைத் தேடுவ?" என்று லபுத் கேட்டார்.

"பழைய வழக்கப்படி. வழியில முதல்ல எதிர்ப்படுறவனை. கேட்டா மறுக்கக் கூடாது."

"முதல்ல கழுதை வந்தா?"

"கழுதைக்குக் கத்தரி பிடிக்க வராது. அடுத்ததைப் பார்ப்பேன்."

கரைக்கு வரும்போது பனி லேசாகக் கலைந்திருந்தது. ராதுன் முழங்காலளவு தண்ணீரில், காற்சட்டை நனைய, குடையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"எங்கே போனீங்க? ஒரு ஓட்டுக்கு இவ்வளவு நேரமா? நான் நகரத்துக்கு என்ன பதில் சொல்றது? துடுப்புச் சத்தம் கிட்ட வந்துச்சே, எதுக்கு மறுபடி திரும்பிப் போனீங்க?"

அப்பா ஓடத்திலிருந்து இறங்கினார். கரையின் இரு புறமும் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

"கழுதை இல்ல," என்று முணுமுணுத்தார். தொப்பியைக் கழற்றினார். "ஐயா, கடவுள் பேராலயும் புனித யோவான் பேராலயும் கேக்கறேன். எங்க வீட்டுக்கு கூமா இருங்க."

ராதுனின் குடை சாய்ந்தது. நகரத்துக்காரர்தான், ஆனால் அவருக்கும் ஒரு ஊர் இருந்திருக்க வேண்டும். இந்த வார்த்தைகளுக்கு முன் வேண்டாம் என்று சொல்ல முடியாதென்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"நானா? இன்னிக்கா? நான் எந்தப் பக்கமும் சாயக் கூடாதய்யா. நான் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாம எப்படி?"

"தெரியாமலே இருக்கட்டும். பையன் வளர்ந்து கேட்டாலும் சொல்லாதீங்க."

ராதுன் அப்பாவைப் பார்த்தார், பல்ஷாவைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். கத்தரி பிடிக்க வருமா என்று யோசிப்பவர் போல விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டினார். பிறகு தன் வேலை நினைவுக்கு வந்து என்னிடமிருந்து பெட்டியை வாங்கினார். திருப்பி, அடியைத் தடவினார். உலர்ந்திருந்தது.

நான்தான் முழுக்க நனைந்திருந்தேன். எப்போது நனைந்தேன் என்று தெரியவில்லை.